தொழிலும் உள்ளுணர்வும்

மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நள்ளிரவு கடந்த வேளை. வாட்டப்பட்ட கொழுந்து உருட்டும் பொறிகளில் முறுக்குண்டு, சலிக்கப்பட்டு, மெல்லிய படையாகப் பரப்பப்பட்டிருக்கின்றது. அதன் பச்சை நிறம் மெல்லமெல்ல மறைந்து செப்பு நிறம் படர்கின்றது. தோட்டத்து மக்கள் 'டீமேக்கர்' என்று அழைக்கும் பொறுப்பாளர் அருகே வருகின்றார். ஒரு பிடி அள்ளுகின்றார்; முகர்கின்றார்; விரல்களுக்கிடையே அமுக்கிப் பார்க்கின்றார். சுவரிலே கடிகாரமும் உண்டு, வெப்பமானியும் உண்டு. அவற்றை ஒருமுறை நோக்கிவிட்டு, "போதும், டிரையருக்கு ஏற்றுங்கள்" என்கின்றார்.

அந்த ஒரு சொல்லிலே ஒரு நாளைய உழைப்பின் பயன் தங்கியிருக்கின்றது. சற்று முந்தினால் தேநீரில் பச்சை வாடையும் கடுப்பும் தங்கிவிடும். சற்றுப் பிந்தினால் அதன் உயிர்ப்பு மழுங்கிவிடும். சூட்டிலே உலர்ந்த இலையை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் எவராலும் இயலாது. இத்தகைய முடிவை எவ்வாறு எடுத்தார் என்று அவரை வினவினால், "மணம் வந்துவிட்டது" என்பதற்குமேல் விடை கிடைப்பது அரிது. முடிவு தெளிவாக இருக்கின்றது. அதற்குரிய காரணமோ சொல்லில் அகப்படாமல் நிற்கின்றது. இதனையே உள்ளுணர்வு என்பர்.

உள்ளுணர்வைப் பற்றி உலகில் இருவேறு கருத்துகள் உண்டு. அது பிறவியிலே வாய்க்கும் வரம், சிலருக்கே கிடைக்கும் பேறு என்பார் ஒருசாரார். கணக்கும் சான்றும் இல்லாத வெறும் ஊகம், பொறுப்புள்ள உத்தியோகத்தர் அதனை நம்புதல் தகாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் முழு உண்மை அல்ல என்பதைக் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் உளநூலார் நிகழ்த்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அவ்வாராய்ச்சிகளுள் முதலில் கருதத்தக்கது தீயணைப்புப் படையினரைப் பற்றியது.

1980 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்க உளநூல் அறிஞர் கேரி கிளைன் என்பவரும் அவருடைய துணைவரும், தீயணைப்புப் படைத் தலைவர்கள் ஆபத்து வேளையில் எவ்வாறு முடிவு செய்கின்றனர் என்பதை ஆராயப் புகுந்தனர். அறிவுடையோர் பல வழிகளை எண்ணி, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் சீர்தூக்கி, பின்னரே ஒன்றைத் தெரிவர் என்பது அக்காலத்துப் பொதுக் கொள்கை. நெருப்பின் முன் நிற்பவனுக்குப் பல வழிகளை ஒப்பிட நேரமிராது. ஆகையால் இரண்டையேனும் ஒப்பிடுவான் என்று கிளைன் எதிர்பார்த்தார். விசாரித்தபோது வெளிப்பட்ட உண்மையோ அவரை வியப்பில் ஆழ்த்தியது. அனுபவம் முதிர்ந்த தலைவர்கள் பெரும்பாலான வேளைகளில் இரண்டைக்கூட ஒப்பிடவில்லை. நிலைமையைக் கண்டவுடனே ஒரு வழி அவர்கள் மனத்தில் தோன்றியது. அதனை நடத்தினால் யாது விளையும் என்று மனக்கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தனர். குறை தோன்றாவிடில் செயலில் இறங்கினர். குறை தோன்றினால் அதனைத் திருத்தினர். திருத்தவியலாவிடின் அடுத்த வழிக்குச் சென்றனர்.

கிளைன் பதிவு செய்த நிகழ்ச்சிகளுள் ஒன்று பலராலும் எடுத்துக் கூறப்படுவது. மாடியில்லாத வீடொன்றின் பின்புறத்தே, சமையலறையில் தீப்பற்றியிருந்தது. படைத் தலைவர் ஒருவர் தம் ஆட்களுடன் உள்ளே புகுந்து நீரைப் பாய்ச்சினார். அடங்க வேண்டிய தீ அடங்காது மீண்டும் சீறியது. கூடத்திற்குப் பின்வாங்கி நின்றபோது, ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. இன்னதென்று அறியாமலே, அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில், அவர்கள் நின்றிருந்த தளம் இடிந்து வீழ்ந்தது. தீயின் மூலம் சமையலறையில் இருக்கவில்லை. அவர்கள் காலடியில், நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. அவ்வீட்டில் நிலவறை உண்டென்பதை அத்தலைவர் அறிந்திருக்கவுமில்லை.

தம்மைக் காத்தது ஐம்புலனுக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தியே என்று அவர் நம்பியிருந்தார். ஆயின் பொறுமையுடன் வினவியபோது உண்மை ஒவ்வொன்றாக வெளிவந்தது. சிறிய சமையலறைத் தீக்கு இவ்வளவு வெப்பம் கூடத்தில் இருத்தலாகாது. பெருந்தீயாயின் பெரும் ஓசை எழுதல் வேண்டும். அங்கோ ஓசை குறைந்திருந்தது. நீர் பாய்ந்தும் தீ தணியவில்லை. தளம் இடையே இருந்தமையால் ஓசை அமுங்கியது; நீரும் தீயின் மூலத்தை அடையவில்லை. பல ஆண்டுகள் கண்ட தீக்களின் உருவம் ஒன்று அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது. கண்முன் நின்ற தீ அவ்வுருவத்தோடு பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையே அச்சமாக எழுந்து அவரை எச்சரித்தது.

இதன் விளக்கத்தைச் சதுரங்க ஆட்டத்தில் முன்னரே கண்டவர் ஹேர்பேர்ட் சைமன். 1978 இல் பொருளியலுக்குரிய நோபெல் பரிசைப் பெற்ற இவ்வறிஞர், வில்லியம் சேஸ் என்பாருடன் சேர்ந்து 1973 இல் ஒரு சோதனையை வெளியிட்டார். உண்மையான ஆட்டமொன்றின் நடுவில் காய்கள் நின்ற நிலையை ஐந்து வினாடி மட்டும் காட்டி, அதனை மீண்டும் அமைக்குமாறு கேட்டனர். தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நான்கை மாத்திரமே வைத்தார். பின்னர் அதே காய்களை ஒழுங்கின்றிச் சிதறவிட்டுக் காட்டினர். அப்போது தேர்ந்தவரின் மேன்மை மறைந்தது. ஆகவே அவரிடம் இருந்தது பொதுவான ஞாபக வன்மை அன்று. ஆட்டத்தில் அடிக்கடி வரும் அமைப்புகளைப் பற்றிய பரிச்சயமே. ஆயிரக்கணக்கான அமைப்புகளை நெடுங்காலம் பயின்று உள்ளத்தில் சேமித்தவருக்கு, கண்டவுடன் விடை தோன்றுகின்றது. ஒரு தாய் பல குழந்தைகளின் அழுகையிடையே தன் குழந்தையின் குரலை இனங்காண்பதைப் போன்றதே அது. உள்ளுணர்வு என்பது இனங்காணுதல் அன்றி வேறொன்றுமில்லை என்பது சைமனின் முடிபு.

வைத்தியசாலையிலும் இதனைக் காணலாம். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைப் பராமரிக்கும் அனுபவமிக்க தாதியர், நோய்க்கிருமி இரத்தத்தில் பரவத் தொடங்கியதை ஆய்வுகூட முடிவு வருமுன்னரே சில வேளைகளில் உணர்ந்துவிடுவர். "குழந்தையைப் பார்த்தால் நன்றாகப் படவில்லை" என்பதே அவர்கள் கூறும் காரணம். கிளைனின் துணைவரான பெத் கிராண்டல் என்பாரும் மற்றொருவரும் அத்தாதியரை நுணுகி விசாரித்து 1993 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தோலின் நிறம், உடலின் துவட்சி, உணவு கொள்ளும் விதம் முதலிய நுண்ணிய குறிகள் பல வெளிப்பட்டன. அவற்றுட் சில அதுவரை மருத்துவ நூல்களில் இடம்பெறாதவை.

இவ்வளவில் நிறுத்தினால் உள்ளுணர்வுக்கு மாலை சூட்டி முடித்துவிடலாம். ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு.

1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், இஸ்ரேல் நாட்டு இராணுவத்தில் டானியல் கானமன் என்னும் இளைஞர் உளநூல் பிரிவில் பணியாற்றினார். அதிகாரிப் பயிற்சிக்குத் தகுதியானவரைத் தெரிவது அவருடைய கடமைகளுள் ஒன்று. ஒருவரையொருவர் அறியாத எட்டுப்பேரிடம் நீண்ட மரமொன்றைக் கொடுத்து, மரமும் தாமும் தீண்டாமல் ஒரு சுவரைக் கடக்கும்படி கூறுவர். எவன் தலைமை தாங்குகின்றான், எவன் பிணங்குகின்றான், எவன் சோர்ந்துபோகின்றான் என்பவற்றைப் பார்த்திருந்தவர்களுக்கு, ஒவ்வொருவனுடைய இயல்பும் கையில் நெல்லிக்கனிபோல் விளங்கிற்று. ஐயத்துக்கே இடமிருக்கவில்லை. பின்னர் பயிற்சிப் பள்ளியிலிருந்து விவரங்கள் வந்தன. அவர்கள் கூறிய தீர்ப்புகளுக்கும் அவ்விளைஞர்கள் பள்ளியில் ஒழுகிய விதத்திற்கும் தொடர்பு மிகச் சொற்பம் என்பது தெரிந்தது. வியப்பு யாதெனில், இதனை அறிந்த பின்னரும் அடுத்த குழுவைப் பார்த்தபோது அதே உறுதி மீண்டும் எழுந்தது.

தீயணைப்புத் தலைவருக்கு எழுந்ததும் உறுதி. கானமனுக்கு எழுந்ததும் உறுதி. ஒன்று உயிர்களைக் காத்தது. மற்றொன்று வெறும் மயக்கமாக முடிந்தது. உள்ளத்தில் எழும்போது இரண்டும் ஒரே குரலிற்றான் பேசுகின்றன. ஆகவே உறுதியின் வலிமை உண்மையின் அளவுகோல் ஆகாது.

கிளைன் உள்ளுணர்வைப் போற்றியவர்; கானமன் அதன் பிழைகளை ஆராய்ந்து, 2002 இல் நோபெல் பரிசும் பெற்றவர். எதிரெதிர் முகாமினராகிய இவ்விருவரும் வாதிட்டுப் பிரிந்துவிடாமல் பல ஆண்டுகள் ஒருங்கிருந்து ஆராய்ந்து, 2009 இல் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'உள்ளுணர்வு நல்லதா, தீயதா?' என்ற வினாவே பிழையானது. 'எந்தச் சூழலில் உருவான உள்ளுணர்வு?' என்பதே கேட்க வேண்டிய வினா என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அதற்கு அவர்கள் விதித்த நிபந்தனைகள் இரண்டு. தொழில் நிகழும் சூழலில் ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும். அதாவது, இன்ன குறி தோன்றினால் இன்ன விளைவு வரும் என்னும் தொடர்பு அதில் உண்மையாகவே இருக்க வேண்டும். மேலும், அத்தொடர்பைப் பயிலும் வாய்ப்பு நெடுங்காலம் கிடைத்தல் வேண்டும். செய்த முடிவு சரியா பிழையா என்பது விரைவிலும் தெளிவாகவும் திரும்பிவந்து தெரிதல் வேண்டும்.

இவ்விரு நிபந்தனைகளையும் உரைகல்லாகக் கொண்டால் பல விடயங்கள் தெளிவாகும். தேயிலை சுவைப்பவரின் பயிற்சியைக் கருதுக. வரிசையாக அடுக்கிய வெண்ணிறக் கிண்ணங்களில் அளந்த தேயிலையும் கொதிநீரும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சிச் சுவைத்து உமிழ்ந்து அடுத்ததற்குச் செல்லுதல். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். பக்கத்திலே மூத்தவர் நின்று உடனுக்குடன் திருத்துகின்றார். 1883 ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கிய தேயிலை ஏலம் வாரந்தோறும் விலை கூறி விடையளிக்கின்றது. ஒழுங்கும் உண்டு; திரும்பிவரும் விடையும் உண்டு. அங்கே வளர்ந்த நாவை நம்பலாம். மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரின் நிலையும் இத்தகையதே. தாம் செய்ததன் பயனைச் சில நிமிடங்களிலேயே அவர் நோயாளியின் நாடியிற் காண்கின்றார்.

நேர்முகப் பரீட்சை நடத்தும் உத்தியோகத்தர் நிலையோ வேறு. பத்து நிமிடம் பேசி ஒருவரை ஏற்கின்றார். ஒன்பது பேரை அனுப்பிவிடுகின்றார். அனுப்பப்பட்ட ஒன்பது பேரும் வேறெங்கோ எவ்வாறு தொழில் புரிந்தனர் என்பது அவருக்கு ஒருபோதும் தெரியவராது. தம் பிழையைக் காணாதவர் தம்மிடம் பிழையில்லை என்றே நினைப்பார். இருபது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தால் அவருக்கு வளர்வது அனுபவம் அன்று, தன்னம்பிக்கை மாத்திரமே. அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வந்தவரின் ஊரும் பேச்சு வழக்கும் உடையும் குடும்பப் பெயரும் அவரறியாமலே உள்ளத்தில் புகுந்து, "இவர் நமக்குச் சரிவரமாட்டார்" என்ற உணர்வாக எழக்கூடும். அதனையும் அவர் உள்ளுணர்வென்றே அழைப்பார். ஆண்டுகள் பல படித்துவிட்டு வாசலில் காத்திருக்கும் ஓர் இளைஞனின் வாழ்வு, பெயர் மாறி வந்த அந்தப் பழைய வெறுப்பினால் அழிந்துவிடலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. அதனையும் கானமனின் வரலாறே காட்டுகின்றது. 1955 இல், 21 வயதில், இராணுவத்தில் சேருவோரை விசாரிக்கப் புதிய முறையொன்றை வகுக்கும் பணி அவரிடம் வந்தது. ஆறு பண்புகளை அவர் வகுத்தார். பொறுப்புணர்ச்சி, பிறருடன் பழகுந்தன்மை முதலியன அவை. ஒவ்வொரு பண்பைப் பற்றியும் நடந்த செய்திகளையே கேட்க வேண்டும். ஒன்றுக்கு மதிப்பெண் இட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்று விதித்தார். விசாரிப்போர், தங்களைப் பொறிகளாக்கிவிட்டதாகக் குறைகூறினர். அவர்களுக்கு இணங்கி அவர் ஒரு சலுகை அளித்தார்: ஆறு மதிப்பெண்களும் இட்டு முடிந்த பின்னர் கண்ணை மூடி, அவ்விளைஞனைப் போர்வீரனாக மனத்தில் கண்டு, தம் உள்ளத்துக்குத் தோன்றும் மதிப்பையும் இடலாம் என்பதே அது. பல மாதங்களின் பின்னர் பார்த்தபோது, ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட மிகச் சிறந்திருந்தது. கண்ணை மூடி இட்ட மதிப்பும் அதற்குச் சற்றும் குறையாததாயிருந்தது. உள்ளுணர்வுக்கு இடமுண்டு, அது முதலில் வருதல் ஆகாது, முறையாகச் செய்திகளைத் திரட்டிய பின்னர் வருதல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

தொழில் புரிவோர் தம் உள்ளுணர்வை வளர்த்துக்கொள்ளச் செய்யத்தக்கன வேறு சிலவும் உண்டு. முதலாவது, ஒரு சிறு குறிப்பேடு. முக்கியமான முடிவொன்றைச் செய்யும் நாளிலே, முடிவு யாது, எக்குறியைக் கண்டு அவ்வாறு தோன்றியது, யாது விளையுமென எதிர்பார்க்கப்படுகின்றது, எவ்வளவு உறுதி என்னும் நான்கையும் திகதியிட்டு எழுதி வைத்தல். ஆறு மாதம் கழித்து அப்பக்கத்தைத் திறந்தால், எத்துறையில் தம் உள்ளம் சரியாகப் பேசுகின்றது, எத்துறையில் ஏமாற்றுகின்றது என்பது தெரியவரும். எழுதாவிடின் மனிதனின் ஞாபகம் தனக்குச் சாதகமாகவே கணக்கைத் திருத்திவிடும்.

இரண்டாவது, மூத்தோரிடம் கேட்கும் முறை. "யாது செய்ய வேண்டும்?" என்று கேட்பவன் ஒரு விடையை மாத்திரமே பெறுவான். "எதைக் கண்டீர்கள்? எது வழக்கத்திற்கு மாறாயிருந்தது? வேறெப்படி இருந்திருந்தால் வேறு முடிவு செய்திருப்பீர்கள்?" என்று கேட்பவன், விடைகளுக்குத் தாயான அறிவைப் பெறுவான். தாதியரிடம் புதைந்துகிடந்த குறிகள் வெளிவந்தது இவ்வகை வினாக்களாலேயே.

மூன்றாவது, கிளைன் 2007 இல் எழுதிய ஒரு பயிற்சி. புதிய திட்டமொன்றைத் தொடங்குமுன் அதில் ஈடுபட்ட அனைவரும் கூடி, "ஓராண்டு கழிந்துவிட்டது, இத்திட்டம் முற்றாகத் தோல்வியடைந்துவிட்டது" என்று கற்பனை செய்துகொண்டு, தோல்விக்குரிய காரணங்களைத் தனித்தனியே எழுதுதல். மேலதிகாரியின் முன் வாய்திறக்க அஞ்சும் கடைநிலை ஊழியரின் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஐயம், இவ்வாறு ஏட்டில் ஏறும். கந்தோர்களில் நேரும் பல நட்டங்கள், எவரும் முன்னுணராமையால் நேர்வன அல்ல. உணர்ந்தவர் சொல்லாமையால் நேர்வன.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கோபத்திலும் களைப்பிலும் அவசரத்திலும் எழும் உணர்வு, பெரும்பாலும் அந்நிலையின் குரலேயன்றிப் பட்டறிவின் குரல் ஆகாது. காலம் அனுமதிக்குமாயின் அம்முடிவை மறுநாட் காலைவரை ஒத்திவைத்தல் நன்று. காலம் அனுமதியாதவிடத்து, அப்பணியில் நெடுநாள் பயின்றவரின் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தல் நன்று. தீயின் நடுவே காரணம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால், அப்படையினர் எவரும் உயிர் தப்பியிருக்க மாட்டார். நெடுங்கால அரசியல் மாற்றங்களையும் பங்குகளின் விலையையும் முன்கூறுதல் போன்ற, ஒழுங்கு காணவியலாத துறைகளிலோ, எத்துணைப் பெரியவரின் உள்ளுணர்வாயினும் அதனைக் கணக்கும் சான்றும் கொண்டே ஏற்றல் வேண்டும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'குறிப்பறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். 'தெரிந்து தெளிதல்' எனவும் ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்லாமலே உணரும் ஆற்றலும், ஆராய்ந்தபின் நம்பும் ஒழுக்கமும் ஒரே நூலில், ஒரே பாலில் இடம்பெற்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாமென்று அவர் கருதவில்லை.

மீண்டும் அத்தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்லலாம். டீமேக்கரின் பக்கத்தில் ஓர் இளைஞன் நிற்கின்றான். தொழிலுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. மூத்தவர் ஒரு பிடி இலையை அவன் கையில் வைத்து, "இப்போது முகர்ந்து பார் தம்பி" என்கின்றார். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஒரு பிடி. பின்னர் மீண்டும் ஒரு பிடி. மறுநாட் காலை, உலர்ந்த தேயிலையைக் கிண்ணத்திலிட்டுச் சுவைக்கையில் அவனையும் அழைத்து, முந்திய இரவில் எந்த வேளையில் எந்த மணம் இருந்தது என்று நினைவூட்டுகின்றார். அவன் மூக்கு நேற்றுச் சொன்னது மெய்யா பொய்யா என்பதை இன்று நாக்குச் சொல்லிவிடுகின்றது.

பல ஆண்டுகள் செல்லும். ஒருநாள் அவ்விளைஞனே அம்மேசையருகில் நின்று, கடிகாரத்தை ஒருமுறை நோக்கிவிட்டு, "போதும்" என்பான். ஏனென்று கேட்போருக்கு அவனாலும் விடைகூற இயலாதிருக்கலாம். ஆயின் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால், முகர்ந்த ஆயிரம் பிடிகளும், மறுநாட் காலைகளில் ஒப்புக்கொண்ட பிழைகளும் நிற்கும்.